புகான்சான் போகிறீர்களா, இறங்கும் நேரத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

சியோலில் மெட்ரோ ஏறிக் கடைசி நிலையத்தில் இறங்கி, எதிரே உள்ள கடையில் ஒரு காபி குடித்துவிட்டு அப்படியே மலை ஏறிவிடலாம். புகான்சான் தேசியப் பூங்காவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவான மக்கள் வாழும் நகரத்தின் வடக்கு ஓரத்திலேயே, எண்பது சதுர கிலோமீட்டரை ஒட்டிய பரப்பில் வெள்ளைக் கருங்கல் மலைகள் நிற்கின்றன. 1983-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பரப்பளவோடு ஒப்பிட்டால் இத்தனை பேர் வந்துபோகும் தேசியப் பூங்கா வேறில்லை என்று கின்னஸ் புத்தகத்தில்கூட இடம்பெற்றது. நுழைவுக் கட்டணமும் கிடையாது.

இந்த வசதியெல்லாம் சேர்ந்துதான் என்னை ஏமாற்றியது. மெட்ரோவில் போய் இறங்குகிற இடம் என்றால் மனது அதைப் பூங்கா என்றே எடுத்துக்கொள்கிறது, மலை என்று எடுத்துக்கொள்வதில்லை. நான் போடிநாயக்கனூர்க்காரன். வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும், சின்ன வயதில் அப்பாவோடு குரங்கணிப் பக்கம் நடந்திருக்கிறேன். புகான்சானின் உச்சியான பேகுன்தே 836 மீட்டர்தான், அதெல்லாம் ஒரு உயரமா என்று நினைத்துத்தான் முதல் தடவை கிளம்பினேன். இங்கே ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்து மூன்றாவது மாதம் அது.

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை. ஆய்வகத்தில் கூட இருக்கும் மதுரைத் தம்பி ஒருவன், நான். காலையில் நிதானமாக எழுந்து, தோசை சுட்டுச் சாப்பிட்டு, துணி துவைத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினோம். நாலாவது வழித்தடத்தில் போய் சொங்சின் பெண்கள் பல்கலைக்கழக நிலையத்தில் மாறி, உயி-சின்சொல் வழித்தடத்தில் கடைசி நிலையமான புகான்சான் உயியில் இறங்கும்போது மணி ஒன்று. இரண்டே பெட்டி உள்ள, ஓட்டுநர் இல்லாத சின்ன ரயில் அது, 2017-ல்தான் ஓட ஆரம்பித்தது. ரயிலை விட்டு நாங்கள் வெளியே வருகிறோம், காலையில் ஏறப் போனவர்கள் கூட்டம் கூட்டமாக ரயிலுக்குள் போகிறார்கள். அந்த ஒரு காட்சியே போதும், எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

உயி நிலையத்திலிருந்து நேரே மலைப்பாதை தொடங்குவதில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. தொசொன்சா கோயில் வரை கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் ஏற்றச் சாலை இருக்கிறது. அதை நடந்தே முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அங்கேதான் பேகுன்தே சிகரத்துக்கான தகவல் மையமும், உண்மையான மலைப்பாதையின் தொடக்கமும். அங்கிருந்து உச்சிக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர் என்று பலகையில் போட்டிருந்ததைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம். இரண்டு கிலோமீட்டர்தானே, அரை மணி நேரம் என்றான் தம்பி.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

முதலில் ஹாருஜே என்ற கணவாய் வரை கற்படிகளில் மூச்சுவாங்க ஏற வேண்டும். அதைத் தாண்டியதும் இடது வலது என்று தேடாமலே இன்சுபொங் பாறை முன்னால் எழுந்து நிற்கும், ஒரு செடிகூட ஒட்டாத மொட்டைப் பாறை, அதன் மேல் எறும்பு மாதிரி மனிதர்கள் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்து நின்றதில் பத்து நிமிடம் போனது. பிறகு படிகள், அப்புறம் இன்னும் படிகள். 1924-லிருந்து இயங்கிவந்த பேகுன் மலைக்குடில் வழியில் வரும், ஒரு காலத்தில் அங்கே சூடாக ஏதாவது சாப்பிடலாம் என்று கேள்விப்பட்டிருந்தோம். அது 2019-லேயே மூடப்பட்டுவிட்டது. ஆகவே தொசொன்சாவைத் தாண்டினால் விலைக்குத் தண்ணீர்கூடக் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு அரை லிட்டர் பாட்டில்தான் இருந்தது.

குடிலுக்கு மேலே கோட்டை மதில் வரும். இந்த மலையையே வளைத்து 1711-ல், சுக்சொங் மன்னர் காலத்தில் கட்டிய புகான்சான் கோட்டை அது, சுற்றளவு சுமார் 12 கிலோமீட்டர். எதிரி வந்தால் மன்னர் தலைநகரை விட்டு இங்கே வந்து தங்குவதற்காகக் கட்டியது. அந்த மதிலில் ஒரு சின்ன வாசல், பழைய ஆட்கள் விமுன் என்பார்கள், இப்போது பலகையில் பேகுன்பொங் வாசல் என்ற பொருளில் வேறு பெயர் இருக்கும். அந்த வாசலுக்குள் நுழைந்து வலது பக்கம் திரும்பினால் கடைசி முந்நூறு மீட்டர், வழவழப்பான சாய்ந்த பாறை. இரண்டு பக்கமும் எஃகுக் கம்பி வடம் கட்டியிருக்கும், அதைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் பல இடங்களில் அதே ஒரு வழிதான், அதனால் சனி ஞாயிறுகளில் அங்கே வரிசை நிற்கும். நாங்கள் சாதாரணக் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தோம். கையுறை இல்லை. நவம்பர்க் காற்றில் அந்தக் கம்பி ஐஸ் மாதிரி இருந்தது, பத்து அடி ஏறுவது, கையைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றிக்கொள்வது, மறுபடி பிடிப்பது என்று போனோம்.

உச்சி அழகுதான், அதில் சந்தேகமே இல்லை. கொரியக் கொடி பறக்கிறது, பாறையில் 1919 மார்ச் 1 விடுதலை இயக்கத்தைப் பற்றிய எழுத்துகள் செதுக்கியிருக்கின்றன, கீழே ஒரு பக்கம் முழு சியோலும் சாம்பல் நிறத்தில் பரந்து கிடக்கிறது. கொடிக்குக் கீழே அகலமான பாறைத் தளத்தில் பூனைகள் வெயில் காய்கின்றன. ஆனால் படம் எடுக்க வரிசையில் நின்று, எடுத்து முடித்து மணியைப் பார்த்தபோது நாலு ஆகியிருந்தது. நவம்பர் நடுவில் இங்கே ஐந்தே காலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். மலையின் கிழக்குச் சரிவில் அதற்கும் முன்னாலேயே இருட்டத் தொடங்கிவிடும். ஏறும்போது வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை உடம்போடு ஒட்டி நடுக்கம் எடுத்தது.

அவசரத்தில் இறங்கினோம், அவசரத்தில்தான் தப்பும் நடந்தது. ஏறும்போது வாசலுக்குள் நுழைந்து வலது பக்கம் திரும்பினோம் அல்லவா, இறங்கும்போது இடது பக்கம் திரும்பி அந்த வாசலைக் கடந்து போயிருக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் போன கூட்டம் வாசலைக் கடக்காமல் எதிர்ப்பக்கம் இறங்கியது, நாங்களும் பின்னாலேயே போனோம். பலகை இருந்தது, ஆங்கிலத்திலும் இருந்தது, நாங்கள்தான் பார்க்கவில்லை. இருபது நிமிடம் இறங்கிய பிறகு தம்பி நின்றான். "அண்ணா, இது நாம வந்த வழியாண்ணா? வர்றப்ப இந்த ஓடையைப் பார்க்கவே இல்லையே" என்றான். போனை எடுத்துப் பார்த்தால் கூகுள் வரைபடத்தில் வெறும் பச்சை நிறம். பேட்டரி ஒன்பது சதவீதம்.

அப்போது எங்களைக் காப்பாற்றியது ஒரு வயதான தம்பதி. அறுபது வயதைத் தாண்டியிருப்பார்கள், இருவர் தலையிலும் டார்ச் மாட்டியிருந்தார்கள். எங்கள் ஷூவைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள், அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் தன் பையிலிருந்து ஒரு ஜோடி கையுறையும் ஒரு முழு வெள்ளரிக்காயும் எடுத்துக் கொடுத்தார். இங்கே மலைக்குப் போகிறவர்கள் பையில் வெள்ளரிக்காய் இல்லாமல் இருக்காது. தாகத்துக்கும் பசிக்கும் சேர்த்து ஒரே மருந்து, அன்றைக்கு அது எவ்வளவு ருசியாக இருந்தது என்று எழுதிப் புரியவைக்க முடியாது. அவர்கள் முன்னாலும் பின்னாலும் வெளிச்சம் காட்ட, கற்களில் தடுமாறித் தடுமாறி, பெரிய மேற்கு வாசலைக் கடந்து கீழே வந்தபோது மணி ஆறரை. வந்து சேர்ந்த இடம் சியோலே இல்லை, மலைக்கு மறுபக்கம் உள்ள கோயாங் நகரம். அந்தப் பெரியவர் பேருந்து நிறுத்தம் வரை வந்து, 704 வரும் வரை நின்று, ஏற்றிவிட்டுத்தான் போனார்.

எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு அறைக்கு வந்து படுத்த பிறகு எனக்குக் குரங்கணிதான் ஞாபகம் வந்தது. 2018 மார்ச் 11, எங்கள் ஊருக்கு மேலே உள்ள மலையில் காட்டுத்தீ. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வார இறுதியில் மலையேற வந்த இளம் பிள்ளைகள், இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்த வாரம் போடியில் வேறு பேச்சே இல்லை. அதைப் பக்கத்திலிருந்து பார்த்த ஊர்க்காரன் நான், ஒரு டார்ச்கூட இல்லாமல் மலைக்குப் போயிருக்கிறேன் என்பது எனக்கே பொறுக்கவில்லை. மறுநாளே ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு அந்த மலைக்குப் பதினொரு தடவை போய்விட்டேன், நோட்டில் திருத்தித் திருத்தி எழுதியதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதல் வரி எப்போதும் இறங்கி முடிக்கும் நேரம். ஏறும் நேரத்தை அல்ல, இறங்கும் நேரத்தைத்தான் முதலில் எழுத வேண்டும். அன்றைய சூரிய அஸ்தமனம் எத்தனை மணி என்று பார்த்து, அதிலிருந்து இரண்டு மணி நேரத்தைக் குறைத்து, அந்த நேரத்துக்குள் தார்ச்சாலையில் கால் வைத்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வேன். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். பேகுன்தேவுக்கு உயி நிலையத்திலிருந்து போய்த் திரும்ப, நின்று பார்த்து, சாப்பிட்டு, வரிசையில் காத்திருந்து எல்லாம் சேர்த்து எனக்கு ஐந்தரை மணி நேரம் ஆகிறது. அப்படியென்றால் நவம்பரில் காலை எட்டரைக்குப் பாதையில் இருந்தால் நிம்மதி, ஒன்பதரையைத் தாண்டினால் சிகரத்தை விட்டுவிட்டு வேறு ஏதாவது பார்ப்பது நல்லது. இன்னொரு நேரமும் எழுதுவேன், அது திரும்பும் நேரம். பன்னிரண்டரை என்று எழுதியிருந்தால், பன்னிரண்டரைக்கு உச்சி இருபது அடி தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். இதை வீட்டிலேயே, வயிறு நிறைந்து கால் வலிக்காமல் இருக்கும்போது முடிவு செய்ய வேண்டும். மேலே போய் முடிவு செய்தால் மனது எப்படியும் "இன்னும் கொஞ்சம்" என்றுதான் சொல்லும். எதிரே வரும் கொரியர்களிடம் எவ்வளவு தூரம் என்று கேட்டாலும் பிரயோஜனமில்லை, எல்லாரும் சிரித்த முகத்தோடு "வந்தாச்சு, வந்தாச்சு, பக்கத்தில்தான்" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வது ஊக்கத்துக்காக, கணக்குக்காக அல்ல. பூங்காவில் இரவில் ஏறவும் தடை இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

வரைபடம் விஷயத்தில் ஒன்று. கொரியாவில் கூகுள் வரைபடம் நடக்கிற வழியை ஒழுங்காகக் காட்டாது. நேவர் அல்லது ககாவோ வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள், இரண்டிலும் மலைப்பாதைகளும் பேருந்து நேரமும் தெளிவாக இருக்கும். ஆனாலும் போன் ஒரு இயந்திரம், குளிரில் பேட்டரி மளமளவென்று இறங்கும். அதனால் நான் இப்போது செய்வது இரண்டு. தகவல் மையத்தில் உள்ள பெரிய வரைபடப் பலகையைப் படம் எடுத்துக்கொள்வேன். அப்புறம் ஒவ்வொரு பிரிவுப் பாதையிலும், வாசலிலும், நான்கு அடி தாண்டிப் போய்த் திரும்பி நின்று, வந்த வழி திரும்பும்போது எப்படித் தெரியும் என்று பார்த்து ஒரு படம். வாசலைப் பின்பக்கமிருந்து பார்த்திருந்தால் எங்களுக்கு அன்று அந்தத் தப்பு நடந்தே இருக்காது. பாதையோரம் சில நூறு மீட்டருக்கு ஒன்றாகக் கம்பங்கள் நட்டிருப்பார்கள், அதில் ஒரு எண் இருக்கும். கடந்து போகும்போது கடைசியாகப் பார்த்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் 119-ஐ அழைத்து அந்த எண்ணைச் சொன்னால் போதும், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று மீட்புப் படைக்குத் தெரிந்துவிடும். கொரிய மொழி தெரியாவிட்டாலும் எண்களை மட்டுமாவது சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.

காலணியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். இந்த மலையின் பாறை கருங்கல். பாறை தனியாக இருந்தால் காய்ந்த நாளில் நன்றாகவே பிடிக்கும், பிரச்சினை அதன் மேல் உதிர்ந்து கிடக்கும் பொடி மணல். கருங்கல் காலப்போக்கில் சிதைந்து கற்கண்டுப் பொடி மாதிரி ஆகிவிடுகிறது, சாய்ந்த பாறையில் அதன் மேல் கால் வைத்தால் உருளை மேல் கால் வைத்த மாதிரிதான். நான் விழுந்த மூன்று தடவையும் இறக்கத்தில், அந்த மணலில்தான். ஓடுவதற்கான ஷூ ஏற்றத்துக்குச் சரி, இறக்கத்துக்குச் சரி கிடையாது. இங்கே கடைகளில் பாறையைக் கவ்விப் பிடிக்கும் மிருதுவான ரப்பர் அடிப்பாகம் உள்ள மலைக்காலணி கிடைக்கும், அதை அரை அளவு பெரியதாக வாங்குங்கள், இறங்கும்போது கட்டைவிரல் முன்னால் இடிக்காமல் இருக்கும். ஒரே ஒரு தடவைதான் போகப் போகிறீர்கள், சுற்றுலாவுக்கு வந்திருக்கிறீர்கள் என்றால் வாங்கவே வேண்டாம். உயி நிலையத்துப் பக்கம் சியோல் நகராட்சியின் மலையேற்றச் சுற்றுலா மையம் இருக்கிறது, 2022-ல் திறந்தார்கள். காலணி, ஜாக்கெட், ஊன்றுகோல் எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். எனக்கு முதல் தடவை இது தெரியாமல் போனது.

கையுறை என்றால் விலை உயர்ந்தது தேவையில்லை. உள்ளங்கையில் ரப்பர் பூசிய வேலைக் கையுறை எந்தச் சின்னக் கடையிலும் கிடைக்கும், கம்பி வடத்துக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை. ஊன்றுகோல் முழங்காலுக்கு நல்லது, ஆனால் கம்பி வரும் இடத்தில் மடக்கிப் பையில் வைத்துவிடுங்கள். கையில் தொங்கவிட்டுக்கொண்டே ஏறி, பின்னால் வருகிறவர் முகத்தில் குத்தப் பார்த்ததை நான் கண்ணால் கண்டேன். சட்டை பருத்தி வேண்டாம், சீக்கிரம் காயும் துணியாகப் போட்டு, பையில் ஒரு கனமான மேலாடை. ஏறும்போது குளிர்கிற மாதிரி இருந்தால்தான் சரியாக உடுத்தியிருக்கிறோம் என்று அர்த்தம். டார்ச் எப்போதும் பையில், கோடையில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினாலும் பையில்.

எந்த மாதம் போகலாம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அக்டோபர் கடைசியில் இலைகள் சிவந்து மலையே பற்றி எரிகிற மாதிரி இருக்கும், கூட்டமும் அப்போதுதான் அதிகம், முடிந்தால் வார நாளில் போங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் ஜிந்தல்லே என்ற இளஞ்சிவப்புப் பூ பாறை இடுக்கெல்லாம் பூக்கும், ஆனால் மங்கோலியப் பக்கமிருந்து மஞ்சள் தூசி வரும் காலமும் அதுதான், காற்றின் தரம் பார்க்காமல் கிளம்பினால் நெஞ்சு எரிச்சலோடு திரும்ப வேண்டும். குளிர்காலத்தில் வடக்குச் சரிவுகளில் உறைந்த பனி வாரக்கணக்கில் கரையாது, காலணிக்கு அடியில் மாட்டும் முள் இல்லாமல் போகவே கூடாது, இங்கே அதை ஐஜென் என்று கேட்டால் தருவார்கள். ஜூலை ஆகஸ்ட் மழைக்காலத்தை நான் தவிர்த்துவிடுகிறேன். 2007 ஜூலையில் இதே மலையில், யோங்யோல்பொங் என்ற சிகரத்தில் இடி விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். கம்பி வடமும் மொட்டைப் பாறையும் இருக்கிற இடத்தில் இடி என்றால் ஒளிய இடமே இல்லை. வானத்தில் ஒரு உறுமல் கேட்டாலே கம்பியை விட்டுக் கீழே வந்துவிட வேண்டும். பெருமழை, பனி எச்சரிக்கை இருந்தால் பூங்காவே பாதைகளை மூடிவிடும், கிளம்பும் முன் தேசியப் பூங்கா தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சாப்பாடு. சைவமாக இருப்பவர்கள் கட்டாயம் வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள். அடிவாரக் கடைகளில் காய்கறி கலந்த பிபிம்பாப் சோறு, தோபு என்ற சோயாக் கட்டி எல்லாம் கிடைக்கும், ஆனால் மீன் சாறு எதில் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. எனக்குப் புளியோதரைதான், கெடாது, ஒரு கை அளவு சாப்பிட்டாலே தெம்பு வரும். தண்ணீர் இலையுதிர் காலத்தில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர், கோடையில் இரண்டுக்கு மேல். சிகரத்தில் மக்கொல்லி என்ற அரிசி மது குடிக்கும் பழைய பழக்கம் இப்போது கிடையாது, 2018 முதல் உச்சிகளில் மது தடை செய்யப்பட்டிருக்கிறது, மீறினால் அபராதம். அடுப்பு, சிகரெட் எதுவும் கூடாது. இதை யாராவது கெடுபிடி என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும், குரங்கணிக்குக் கீழே வளர்ந்தவனுக்கு இது கெடுபிடியாகத் தெரியாது.

அடுத்தது, யாரோடு போகிறோம் என்பது. பாதையை நமக்காகத் தேர்ந்தெடுக்கக் கூடாது, கூட வருகிறவர்களில் முழங்கால் வலி உள்ளவருக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும். போன ஏப்ரலில் அப்பாவும் அம்மாவும் மூன்று வாரம் வந்து தங்கினார்கள். அப்பாவுக்கு 63 வயது, ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாற்பது வயதில் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவர், பூண்டியில் வாங்கிய மூங்கில் கம்பை இன்னும் வீட்டில் வைத்திருக்கிறார். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வலி. இரண்டு பேரையும் பேகுன்தேவுக்குக் கூட்டிப்போக முடியாது என்று தெரியும், ஆனால் மலையைக் காட்டாமல் அனுப்பவும் மனசில்லை.

அப்போதுதான் துல்லேகில் எனக்குப் பயன்பட்டது. மலையில் ஏறாமல் அடிவாரத்தைச் சுற்றியே போகும் நடைபாதை அது, 21 பகுதிகள், மொத்தம் எழுபது கிலோமீட்டருக்கு மேல். உயி பக்கம் தொடங்கும் முதல் பகுதி பைன் மரக்காடு, அதற்கு அடுத்த பகுதியில் ஜப்பானிய ஆட்சியை எதிர்த்த விடுதலை வீரர்களின் கல்லறைகள் வரிசையாக வரும். 1907-ல் ஹேக் மாநாட்டுக்குக் கொரியாவின் முறையீட்டைக் கொண்டுபோய் அங்கேயே இறந்த யி ஜுன் அவர்களின் கல்லறையும் அங்கேதான். அம்மாவும் அப்பாவும் நானும் இரண்டு பகுதியையும் ஐந்து மணி நேரத்தில், உட்கார்ந்து உட்கார்ந்து, முறுக்கு சாப்பிட்டுக்கொண்டே நடந்தோம். ஏற்ற இறக்கம் இருக்கிறது, மரப்படிகளில் அம்மா என் தோளைப் பிடித்துத்தான் இறங்கினார். ஒரு மேட்டில் நின்றால் 1960 ஏப்ரல் 19 மாணவர் எழுச்சியில் இறந்தவர்களின் தேசியக் கல்லறைத் தோட்டம் கீழே தெரியும். "இத்தனையும் படிக்கிற பிள்ளைகளா" என்று அம்மா கேட்டார், பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை. 21-வது பகுதி உயிரியோங் பாதை, அதற்கு மட்டும் சனி ஞாயிறு போன்ற கூட்டமான நாட்களில் முன்பதிவு வேண்டும். 1968 ஜனவரியில் வடகொரியக் கமாண்டோக்கள் 31 பேர் ஜனாதிபதியைக் கொல்ல இந்த வழியாக ஊடுருவியதால் மூடி வைத்து, 2009-ல்தான் மறுபடி திறந்தார்கள். அடுத்த தடவை அம்மாவை அங்கே கூட்டிப்போக ஆசை, அந்தப் பாதை அகலம், கால் வலிக்காது.

அப்பாவுக்கு மட்டும் தனியாக ஒரு நாள் ஒதுக்கினேன். மூன்றாவது வழித்தடத்தில் குபாபல் நிலையம், அங்கிருந்து 704 பேருந்து, புகான்சான் கோட்டை நிறுத்தம். நானும் தம்பியும் இருட்டில் வந்து விழுந்த அதே பக்கம்தான், பகலில் அதுதான் சாந்தமான வழி. ஓடையோடு சேர்ந்தே போகும், தூரம் அதிகம் என்றாலும் பாதி வரை ஏற்றம் மெதுவாக இருக்கும். காலை ஏழரைக்குப் பாதையில் இருந்தோம். திரும்பும் நேரம் பதினொன்றரை என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

மேல் பாதி செங்குத்தான கற்கள். அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார், நான் அதைத்தான் கவனித்துக்கொண்டே வந்தேன், பேச்சு நின்றால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நானே ஏதாவது சாக்கு சொல்லி நின்றேன். வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பதினொன்று இருபது. கம்பி வடத்தில் ஏறுகிறவர்கள் வரிசையாகத் தெரிந்தார்கள், இன்னும் முந்நூறு மீட்டர்தான். அப்பா அந்தப் பாறையை அண்ணாந்து பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் ஆசைதான், அரை மணி நேரத்தில் கொடிக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி ஒரு படம் எடுத்துவிடலாம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொன்றரைன்னு சொன்னியேப்பா" என்றார். மதிலில் சாய்ந்து உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். முந்நூறு வருடத்துக் கல் என்று சொன்னதும் உள்ளங்கையை அதன் மேல் வைத்து, குளிர்ச்சியாக இருக்கிறது என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா வெள்ளரிக்காயை நீட்டினார், அப்பா அவருக்கு ஒரு உருண்டை புளியோதரை கொடுத்தார், அவர் சாப்பிட்டுவிட்டுக் காரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் கேட்டார்.

இறக்கத்தில் அவரை முன்னால் விடவில்லை, நான் முன்னால் இரண்டு படி கீழே நடந்தேன், விழுந்தால் என் மேல் விழட்டும் என்று. இரண்டு மணிக்கெல்லாம் கீழே வந்துவிட்டோம். பூங்கா வாசலில் காலணித் தூசியை ஊதிவிட ஒரு காற்றுக் குழாய் வைத்திருப்பார்கள். அப்பா இடது காலை ஊதினார், வலது காலை ஊதினார், பேன்ட் மடிப்பை ஊதினார், அப்புறம் என்னைக் கூப்பிட்டு என் காலணியையும் அவரே குனிந்து ஊதிவிட்டார். அதற்குள் 704 வந்துவிட்டது.